ஜிப்புக்குள் போன நூலகம்

பால்காரர் சுடலைமணியின் உடலைத் தரைப்பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கருவேல முள்ளுக்குள் கண்டெடுத்தார்கள். பால்கேன் கிடைக்கவில்லை.

அவர் விடியற்காலையில் தரைப்பாலத்துக்கு வந்தபோது சிவப்பு விளக்கு எரியவில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினால் எரிய வேண்டிய விளக்கு அது. எரியாவிட்டால் போகலாம் என்று ஊரே பழகியிருந்தது. அவரும் இருட்டில் வண்டியை வெள்ளத்துக்குள் இறக்கிவிட்டார்.

அந்த விளக்கை இயக்கும் கணினிப் பெட்டிக்கு நிரல் எழுதியவன் இசக்கியப்பன். செய்தி வந்த மறுநாள் காலை ரெபேக்கா டீச்சர் முன்னால் போய் நின்றான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். இந்த வேலையை நம்பி ஒப்படைத்தவரும் அவர்தான்.

“டீச்சர், சோதிச்சுப் பாத்துத்தான் அனுப்பினேன். எங்க தப்பு பண்ணினேன்?”

“என்ன மாத்தினே?”

பெட்டியின் மெமரி கார்டில் இடம் போதவில்லை. பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது நிரல்மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான அடிப்படை நூலகம்தான். அது இல்லாமல் அந்த மொழி எழுந்திருக்கவே செய்யாது. அதனால் நூலகம் முழுவதையும் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாகக் கட்டினான். மொழி தனக்கு வேண்டியதை அந்த ஜிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தான். நான்கு பாலங்களின் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டு, பழைய நூலகத்தை அழித்தான்.

“முழுசையும் கட்டினியோ?”

“ஒண்ணு விடாம, டீச்சர்.” சொல்லும்போது குரலில் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சுருக்கினதைப் பிரிக்கிற நிரலு?”

இசக்கி லேப்டாப்பில் ஜிப்பைத் திறந்து பார்த்தான்.

“அதுவும் உள்ளதான் இருக்கு.”

“அப்ப ஜிப்பை யாரு பிரிப்பா?”

“ஆனா டீச்சர், இந்த மேசையில ஓடிச்சு. மூணு தடவ பாத்தேன்.”

“மேசையில யாருல வண்டி ஓட்டுதா?”

அவர் மேசையிலிருந்த சோதனைப் பெட்டியை இழுத்து வைத்துத் தேடினார். அதன் கார்டின் இன்னொரு மூலையில், என்றோ போட்டு மறந்துபோன நூலகம் ஒன்று சுருக்காமல் அப்படியே கிடந்தது. ஜிப் திறக்காதபோதெல்லாம் மொழி ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே போய் எடுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதை அழித்தார்.

“இப்ப ஓட்டு.”

ஒரே ஒரு வரிப் பிழை வந்தது. பெட்டி நின்றுபோனது.



மற்ற மூன்று பாலங்களிலும் விளக்கு இன்னும் தண்ணீருக்கு ஏற்ப எரிந்து அணைந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெட்டிகள் பழைய நூலகத்தை முன்பே நினைவில் ஏற்றிக்கொண்டவை. ஒருமுறை கரண்ட் போய் அணைந்தால் அந்தப் பெட்டிகளும் எழாது. சுடலைமணி இறங்கிய பாலத்துப் பெட்டி அப்படித்தான், கரண்ட் போய் வந்தபோது செத்தது. மேற்கே மழை இறங்கிவிட்டது. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும்.

பிரிக்கும் நிரலை ஜிப்புக்கு வெளியே எடுத்து வைத்தான். வெறும் கார்டில் ஓட்டினான். ஓடவில்லை. அது வேறொன்றைக் கேட்டது. அந்த வேறொன்றும் ஜிப்புக்குள்ளேயே இருந்தது. அதையும் வெளியே எடுத்தான். அப்படி நான்கு முறை நின்றது. ஐந்தாவது முறை பெட்டி எழுந்து, எழுந்ததற்கு அடையாளமாக விளக்கை ஒருதரம் மின்னவைத்தது. டீச்சர் கரண்ட் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஒவ்வொரு முறையும் மின்னியது.

புதியதை மூன்று பெட்டிகளுக்கும் அனுப்பினான்.

“இங்கிருந்தே மூணையும் ரீஸ்டார்ட் பண்ணிரலாம், டீச்சர். ஒரே தட்டுதான்.”

டீச்சர் லேப்டாப்பை மூடினார்.

“அங்க போய்ப் பண்ணு. ஒவ்வொரு பாலமா.”

“எல்லாம் சரியா இருக்கு டீச்சர். நீங்களே பாத்தீங்க.”

“போன தடவ நீ பாத்தே.”

அவன் பையை மாட்டிக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

“அங்க போய், விளக்கு மின்னாட்டி?”

“சிவப்புத் துணி ஒண்ணு எடுத்துக்கோ.”