சக்கரத்தடியில் வைத்த பொய்

தேரின் வடம் பிடிப்பவர்களை ஊருக்கே தெரியும். தேருக்குக் கட்டை போடுகிறவரை யார் ஏறெடுத்துப் பார்த்தார்கள்? கோவந்துறைக் கரைகண்டநாதர் மாசி மாதம் தேரேறி வரும்போது ஆயிரம் பேர் முன்னால் நின்று இழுப்பார்கள். புழுதிக்குள் குனிந்தபடி, கையில் புளியமரக் கட்டையோடு, சக்கரத்தை ஒட்டி ஒருவர் ஓடி வருவார். தேர் நிற்க வேண்டுமானால் சக்கரத்தின் முன் கட்டை வைக்க வேண்டும்; திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் தேர் சுவரில் ஏறும், இல்லையென்றால் கை போகும். அந்த வேலையைச் செய்த ஆவுடையப்பனாருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. "சாமி காணிக்கை எடுத்துக்கிட்டாரு" என்று சிரிப்பார்.

மற்ற நாட்களில் கோயில் மடைப்பள்ளிக்கு விறகு பிளப்பார். கோடரி விழும்தோறும் வாயில் 'சிவசிவ' என்று வரும். உச்சிக்காலப் பூசை முடிந்து, சாமிக்குப் படைத்ததில் கிடைக்கும் ஒரு பட்டைச் சோறுதான் கூலி. மனைவி மக்கள் இல்லை, சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லை. கேட்டால், "எனக்கு நாலு சக்கரம் இருக்குல்லா" என்பார். கட்டைத் தொழிலை அவர் அப்படித்தான் உயிராக நினைத்திருந்தார்.

அந்தத் தேருக்கு ஒரு வழமை உண்டு. கீழ ரத வீதி மூலையில் தேர் திரும்பி, மாதா கோயில் தெருவுக்குள் நுழைந்து போகும். அங்கே இருப்பவர்கள் வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவர்கள், கடல் தொழில் செய்பவர்கள். தேர்வடம் திரிப்பது அவர்கள். அதனால் அந்த மூலையில் முதல் கை வைக்கும் உரிமையும் அவர்களுடையது. தெருவே திரண்டு பானகம் கொடுக்கும். பதிலுக்கு, மாதா சப்பரம் புறப்படும் நாளில் கோயிலிலிருந்து இரண்டு கூடைப் பூ போகும். யார் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்று எவரும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தெருக்காரர்களில் வடத்தின் தலைப்பைப் பிடிப்பவர் தொம்மை. அவர் குரல் கொடுக்க, ஆவுடையப்பனார் கட்டை போட, இருபத்தைந்து வருடங்கள் தேர் அந்த மூலையில் தண்ணீராய்த் திரும்பியது.

பிறகு வலை உலர்த்தும் மணல்வெளி யாருக்குச் சொந்தம் என்று கோயிலுக்கும் அந்தத் தெருவுக்கும் தகராறு மூண்டது. வாய்ச்சண்டை கைகலப்பானது. போதாக்குறைக்கு, மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியாரும் பிரசங்க மேடையிலிருந்து, "தேர்வடத்தைத் தொடுறது பாவம், தொட்டவன் பூசையில நன்மை அப்பம் வாங்க வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கொள்ளியோடு நின்றார்கள் என்றே வையுங்கள்.

தேருக்கு முந்தின நாள் காலை, தர்மகர்த்தா பிறவிப்பெருமாள் பிள்ளை விறகுக் கொட்டகைக்கே வந்தார்.

"ஏலே ஆவுடையப்பா, நாளைக்குத் தேரு அந்தத் தெருவுக்குள்ள போவக்கூடாது. நாங்க தடுத்தோம்னு பேரும் வரக்கூடாது."

"சாமி போற பாதைய நான் எப்படிய்யா அடைக்கது?"

"நீ ஏன் அடைக்கே? கட்டை அடைக்கும். முடியாதுன்னா சொல்லிரு. சக்கரத்துக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

சோறு போகும் என்று மிரட்டியிருந்தால் அவர் அசைந்திருக்க மாட்டார். சக்கரம் போகும் என்றதும் தலையாட்டிவிட்டார். பக்தியைக் காப்பாற்றிக்கொள்ளப் பாவத்தைச் செய்யத் துணிந்தார். ஐயோ, மனிதனுக்கு எப்படியெல்லாம் புத்தி போகிறது பாருங்கள்!

மறுநாள் தேர் மூலைக்கு வந்து நின்றது. தொம்மையும் நாற்பது பேரும் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நன்மை கிடைக்காது என்று தெரிந்தும், தங்கள் சாமியார் பேச்சை மீறி வந்தவர்கள் அவர்கள். ஆவுடையப்பனார் குனிந்து, திருப்பத்துக்கு வைக்க வேண்டிய பக்கத்தை விட்டு மறுபக்கத்துச் சக்கரத்தின் முன்னால் கட்டையைச் செருகி, மேலே மணலை அள்ளிப் போட்டார். இழுத்தார்கள். தேர் முனகியதே தவிரத் திரும்பவில்லை. மூன்று தரம் இழுத்தும் அதே கதைதான். பிள்ளையின் ஆள் ஒருவன் கூட்டத்துக்குள்ளிருந்து, "சாமிக்கு அந்தத் தெரு பிடிக்கலவே!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஊர் முழுக்க அதையே சொன்னது. தொம்மை வடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் விலகிப் போன பிறகு கட்டை நகர்ந்தது. தேரும் நேர் வீதியில் நகர்ந்தது.

அன்றிலிருந்து ஏழு வருடங்கள் தேர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. பூக்கூடையும் போகவில்லை. ரத வீதிக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அந்தத் தெருப் பெண்களை விடவில்லை. அந்தத் தெருவின் மீனை இங்கே வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "சாமியே வேண்டாம்னுட்டாரு, நமக்கென்ன?"

ஆவுடையப்பனாரையோ ஊர் கொண்டாடியது. சாமியின் மனசு அவர் கை வழியாகத்தான் தெரிந்தது என்று காலில் விழுந்தார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவருக்குச் செருப்படியாக விழுந்தது. பட்டைச் சோற்றை வாங்குவதை நிறுத்திவிட்டார். வெளியில் யாருக்காவது விறகு பிளந்து, அந்தக் கூலிக்குக் கஞ்சி மட்டும் குடிப்பார். சன்னதிக்கு நேரே நிற்பதில்லை. நந்திக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "உம்ம பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேனே" என்று மனசுக்குள் அழுவார். வாய்விட்டுச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. சொன்னால் சக்கரம் போய்விடுமே!

எட்டாம் வருடம், தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது, தொம்மை விறகுக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"ஆவுடையப்பா, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன வருசத் தபசு காலத்துல நாப்பது நாளும் ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்து மாதாகிட்ட கேட்டுட்டேன், பதில் வரல. எங்க கோயில்ல என்னைய இன்னும் பின்னாலதான் நிப்பாட்டுதாவ. அது சரி, நான் பேச்ச மீறுனவன். ஒங்க சாமிக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன்? நீதான் சக்கரத்துகிட்டயே இருந்தே. ஒனக்குத் தெரியும்லா?"

ஆவுடையப்பனார் அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எந்தப் பக்கத்துச் சக்கரம், எத்தனை கை மணல் என்பதுவரை சொன்னார்.

தொம்மை காலை உருவிக்கொண்டார்.

"என்கிட்ட ரகசியமாச் சொல்லி என்னவே பிரயோசனம்? ஊரு கூடி நின்ன எடத்துலல்லா எங்கள விரட்டுனே!"

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேர் நாள் வந்தது. வடம் தொடுவதற்கு முன்னால் ஆவுடையப்பனார் தேர்ச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, கையைக் கூப்பி, உரக்கச் சொன்னார்: "சாமி அந்தத் தெருவ வெறுக்கல. நான்தான் மாத்திக் கட்டை வச்சேன். பொய் என்னோடது. சாமி மேல பழியப் போட்ட பாவி நான்!"

பிள்ளை முகம் கறுத்தது. "கிழவனுக்கு மண்டை கொழம்பிப் போச்சு" என்றார். "வேதத்துல சேந்துட்டாம்லே!" என்றது கூட்டம். மணலை வாரி இறைத்தார்கள். கட்டையைப் பிடுங்கி வேறொருவன் கையில் கொடுத்தார்கள். ஏழு வருடமாக எதற்குப் பயந்தாரோ அது ஒரு நொடியில் நடந்து முடிந்தது. அவர் ஓரமாக நின்று, எட்டிப்போகும் சக்கரங்களைக் கும்பிட்டார்.

தேர் மூலைக்கு வந்தது. நேரே போக வேண்டிய தேர் நின்றது.

இழுத்தார்கள். அசையவில்லை. ஆட்களைக் கூட்டினார்கள், யானையை விட்டு முட்டச் செய்தார்கள். ஒரு விரற்கடைகூட நகரவில்லை. புதியவன் கட்டைகளைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டினான். பிள்ளை சந்தேகத்தோடு தாமே மண்டியிட்டு நான்கு சக்கரங்களையும் சுற்றி மணலைத் தோண்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எழுந்து ஒதுங்கி நின்றார்.

தேர்த்தட்டிலிருந்த குருக்கள்தான் வாயைத் திறந்தார். "ஆவுடையப்பனைக் கூப்பிடுங்கோ. அவன் சொன்னது நெஜம். ஸ்வாமி சாட்சி சொல்றார்."

ஆவுடையப்பனார் தேரருகே வரவில்லை. நேரே மாதா கோயில் தெருவுக்குள் போய், தொம்மை வீட்டு வாசல் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தொம்மை, ஊரறியச் சொல்லிட்டேன். சாமி மூலையில நிக்குதாரு. ஒங்கள விட்டுட்டுப் போவ மாட்டேங்காரு."

கதவு திறந்தது.

"ஒன்னய மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலவே" என்றார் தொம்மை. "பொறவு வந்தாலும் வரும். ஆனா சாமி வந்து நிக்கும்போது நான் உள்ள உக்காந்திருந்தா நல்லாருக்காது."

தெருவே அவர் பின்னால் வந்தது. பெண்களும் வந்தார்கள். தொம்மை வடத்தின் தலைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குரல் கொடுத்தார். ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்குப் பின்னால் வடம் பிடித்தார்கள். யாரும் கட்டை வைக்கவில்லை. தேர் தானாகத் திரும்பி அந்தத் தெருவுக்குள் நுழைந்தது.

குருக்கள் சாமி பரிவட்டத்தை எடுத்து ஆவுடையப்பனார் தலையில் கட்டப் போனார். அவர் பின்வாங்கினார். "அவங்க ஏழு வருசம் பட்டதுக்கு முன்னால இது எனக்கு எதுக்கு சாமி?" என்று தேம்பினார். குருக்கள் விடவில்லை. "நீ கேட்டு நான் குடுக்கல. அவர் குடுக்கறார், குனி" என்று சொல்லிக் கட்டிவிட்டார். கட்டிய தலை கடைசிவரை நிமிரவில்லை.

தம் பெயரால் பொய் சொன்னவர் மெய் சொல்ல வந்தபோது, இறைவன் பழையதைச் சொல்லிக் காட்டாமல் அவருக்காகத் தேரையே நிறுத்திச் சாட்சி சொன்னார். தவறியதை ஊர் நடுவே ஒப்புக்கொண்ட அந்த வாயையும், மன்னிப்பு வருமுன்னே வடம் தொட்ட அந்தக் கையையும் நாம் வணங்குவோம்.