தூதர் முகம் பார்த்து ஓலை வாசித்தவர்

கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கதை கிளம்பிவிட்டால் நடுவில் நிற்காது.

நம் கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவுக்கே மீசை முளைக்காத காலம் அது. தும்பைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் பரிதிவேலன் என்ற ராஜா. நல்ல மனசு, பெரிய தொந்தி, எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. மந்திரிக்கும் தெரியாது. சேனாபதிக்கும் தெரியாது. "வாசிக்கத்தான் ஒருவர் இருக்கிறாரே, மற்றவர்களுக்கு எதற்கு?" என்று பள்ளிக்கூடத்தை மூடி அதில் மாடு கட்டியிருந்தார்கள்.

அந்த ஒருவர்தான் ஏடகநாதர். அரண்மனைக்கு வரும் ஓலைகளை வாசிப்பது அவர் வேலை. தாத்தா பார்த்த வேலை, அப்பா பார்த்த வேலை, இப்போது அவர் பார்க்கிற வேலை. கணீரென்ற குரல், காதுவரை மீசை, பட்டு அங்கவஸ்திரம்.

ஒரே ஒரு குறை. அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

அப்பா எழுத்துச் சொல்லிக்கொடுத்த நாளெல்லாம் ஏடகநாதர் மாமரத்தில் இருந்தார். பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவருடைய அதிர்ஷ்டம், கிழக்குப் பக்கத்துக் கொன்றைநாட்டோடு பேச்சுவார்த்தை இல்லாததால் இருபது வருஷமாக ஓர் ஓலைகூட வரவில்லை.

கொன்றைநாட்டில் புது ராஜா வந்தார். அவர் பெயர் கார்முகிலன். பழைய மனத்தாங்கலை மறந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். வந்தது வினை!

முதல் ஓலையைக் கொண்டுவந்த தூதனுக்கு மேல்வரிசைப் பல் கொஞ்சம் எடுப்பு. சும்மா நின்றாலே சிரிக்கிற மாதிரி இருக்கும். ஏடகநாதர் ஓலையைப் பிரித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி என்னென்னவோ இருந்தது. வியர்த்தது. மெல்ல தூதன் முகத்தைப் பார்த்தார். 'சிரிக்கிறானே, நல்ல சேதிதான்' என்று தெம்பு வந்தது.

"கொன்றைநாட்டு ராஜா நமக்குப் பரிசு அனுப்பியிருக்கிறார்! கிழக்கு எல்லையில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்!"

உண்மையில் ஓலையில் இருந்தது இதுதான்: 'எங்கள் யானைக்கு மதம் பிடித்துவிட்டது. உங்கள் கிழக்கு எல்லைப் பக்கம் ஓடிவருகிறது. யாரும் அங்கே போக வேண்டாம்.'

ராஜா மாலையும் மேளமுமாகப் போய் நின்றார். தூரத்தில் புழுதி கிளம்பியது. "அடடா, பரிசு தானே நடந்து வருகிறதே!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

மறுநிமிஷம் ராஜா புளியமரத்தில். மந்திரி கிணற்றில். சேனாபதி வைக்கோல்போருக்குள். யானை மாலைகளைத் தின்றுவிட்டு, மேளத்தை ஒரு மிதி மிதித்துவிட்டுத் தன் ஊருக்கே திரும்பிப் போனது.

"பரிசு வந்தது உண்மைதானே, மகாராஜா? அதன் குணத்துக்கு அடியேன் என்ன செய்வேன்?" என்றார் ஏடகநாதர். ராஜாவும் முதுகைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

இரண்டாம் ஓலையைக் கொண்டுவந்தவனுக்குக் கண்வலி. தாரை தாரையாகக் கண்ணீர். ஏடகநாதர் அவனைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், தாமும் மூக்கை உறிஞ்சினார்.

"மகாராஜா, கார்முகிலன் காலமாகிவிட்டார்!"

உண்மையில் அது கல்யாண ஓலை. கார்முகிலனின் தங்கைக்கு மறுநாள் பௌர்ணமியில் திருமணம்.

தும்பைநாட்டுச் சபையே வெள்ளை உடுத்தி, சங்கு ஊதி, ஒப்பாரிப் பெண்களோடு கிளம்பிப் போனது. தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் பந்தலுக்குள் நுழைந்தது. "போய்விட்டீரே, எங்களை விட்டுப் போய்விட்டீரே!" என்று பரிதிவேலன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். வாசலில் நின்று அவர்மேல் பன்னீர் தெளித்தவரே கார்முகிலன்தான். மாப்பிள்ளை மயங்கி விழுந்தார். மணப்பெண்ணின் அத்தை கையில் கிடைத்த தேங்காயை எறிந்தாள். சபை ஓட்டம் பிடித்தது.

"செத்தவர் எப்படி ஐயா பன்னீர் தெளித்தார்?" என்று ராஜா கேட்டார்.

"பிழைத்துக்கொண்டிருப்பார், மகாராஜா. நல்ல சேதிதானே?"

சொல்லிவிட்டாரே தவிர, அன்று முதல் ஏடகநாதருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஓலை வந்தது. அந்தத் தூதன் முகம் கல்லில் செதுக்கிய மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை, அழுகை இல்லை, ஒரு கொட்டாவிகூட இல்லை. ஏடகநாதர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குனிந்து கீழிருந்தும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"இன்று அஷ்டமி. ஓலை பிரிக்கக் கூடாது" என்று சொல்லி அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வீட்டில் அவர் மனைவி வடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஓலையை விரித்துவைத்து முழித்தார். வடிவு எட்டிப் பார்த்தாள்.

"தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்" என்றாள்.

ஏடகநாதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் அப்பா வெளியூரில் வாத்தியார். எனக்கு வாசிக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். கல்யாணத்தன்று அப்பா கொடுத்த சுவடியையும் தலைகீழாகப் பிடித்து 'ஆகா, அருமை' என்றீர்களே!"

"இருபது வருஷமாகச் சொல்லவே இல்லையே நீ!"

"ஓலை வாசிப்பவர் வீட்டில் இன்னொருத்தி வாசித்தால் மரியாதைக் குறைவு என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டார். நீங்களும் கேட்கவே இல்லை. சரி, கொடுங்கள்."

வாங்கி வாசித்தாள். அவள் முகம் வெளுத்தது.

'கல்யாணப் பந்தலில் வந்து ஒப்பாரி வைத்தீர்கள். எங்கள் குடும்பம் நாசமாகட்டும் என்று நினைத்தீர்களா? மூன்று நாளைக்குள் பதில் வராவிட்டால் நான்காம் நாள் எங்கள் படை வரும்.'

ஏடகநாதர் அப்படியே கீரைமேல் சாய்ந்துவிட்டார். "வடிவு, ஊரைவிட்டு ஓடிவிடலாமா?"

"நாம் ஓடலாம். ஊர் எங்கே ஓடும்? வாருங்கள், உள்ளதைச் சொல்லிவிடலாம்."

இருவரும் சபைக்குப் போனார்கள். ஏடகநாதர் எல்லாவற்றையும் சொன்னார். பல் எடுப்பான தூதன், கண்வலித் தூதன், கல்முகத் தூதன். சொல்லச் சொல்ல ராஜாவின் மீசை துடித்தது.

"உன்னால் நான் புளியமரம் ஏறினேன்! இப்போது நாடே சாகப் போகிறது! இவன் தலையை வெட்டுங்கள்!"

வடிவு முன்னால் வந்தாள். "வெட்டுங்கள், மகாராஜா. ஆனால் அந்த ஓலையை வாங்கிப் பார்த்து, 'இதில் அப்படி இல்லையே' என்று சொல்லக்கூடிய ஒருவர் இந்தச் சபையில் இருந்தால் அவரே வெட்டட்டும்."

மந்திரி சேனாபதியைப் பார்த்தார். சேனாபதி ராஜாவைப் பார்த்தார். ராஜா தம் கால் விரலைப் பார்த்தார்.

பிறகு சின்னக் குரலில் கேட்டார்: "அம்மா, பதில் எழுத உனக்குத் தெரியுமா?"

வடிவு எழுதினாள். 'எங்கள் சபையில் எழுத்து அறிந்தவர் ஒருவரும் இல்லை. உங்கள் யானையைப் பரிசு என்று நினைத்தோம். உங்கள் கல்யாணத்தைச் சாவு என்று நினைத்தோம். அழுதது மட்டும் உண்மையான அழுகை.'

கார்முகிலன் அதை வாசித்தார். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு சிரித்தார். பிறகு எழுந்து இப்படி எழுதி அனுப்பினார்: 'படை வராது. ஒரு நிபந்தனை. ஒரு வருஷத்துக்குள் உங்கள் ராஜா தம் கையாலேயே எனக்குக் கடிதம் எழுத வேண்டும்.'

மாடுகள் வெளியேறின. பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் வடிவுக்கு எதிரே ராஜா, மந்திரி, சேனாபதி, ஏடகநாதர், ஊரில் உள்ள குழந்தைகள், குயவர், ஒப்பாரிப் பெண்கள் என்று எல்லாரும் மணலில் உட்கார்ந்தார்கள். ராஜாவுக்கு 'அ' வசப்பட மூன்று நாள் ஆயிற்று. சேனாபதிக்கு 'ஈ' வரவே இல்லை. வாளை உருவி மிரட்டிப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. ஏடகநாதர் மட்டும் யாரோடும் பேசாமல், விரல் தேயத் தேய எழுதினார்.

வருஷம் முடிவதற்குள் ராஜா கடிதம் எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் ஓலையும் வந்தது. "நீரே வாசியும்" என்று ராஜா அதை ஏடகநாதரிடம் நீட்டினார்.

ஏடகநாதர் நேராகப் பிடித்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். கணீர்க் குரல் போய், குழந்தை மாதிரி திக்கித் திக்கி வந்தது.

"தங்கள்... வாலைத்தோட்டம்... நலமா?"

"வாழைத்தோட்டம்!" என்று மொத்தச் சபையும் ஒரே குரலில் திருத்தியது.

ஏடகநாதருக்கு வெட்கமாக இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி நாட்டைத் தான் ஒருவனே சுமக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போனார்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: ஒருவர் மட்டும் படித்தால் போதும் என்று இருக்கும் நாடு அவர் வாயை நம்பியே அழியும், எல்லாரும் படித்த நாடுதான் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டு வாழும்.