சாணித் தொப்பி வைத்த முருங்கைப் போத்து

ராஜாக்கள் மலிந்து கிடந்த முன்னொரு காலத்திலே தேன்பாக்கம் என்று ஒரு நாடு இருந்தது. பெரியவர்களும் பக்கத்தில் வந்து கேளுங்கள், இது சின்னவர்களுக்கு மட்டுமான கதை இல்லை.

அந்த நாட்டில் மாசிப் பனி விலகி இளவேனில் எட்டிப் பார்த்ததும் எல்லோருக்கும் விரல் நமநமக்கும். கொட்டாங்குச்சியில் அவரை ஊன்றுவார்கள். உடைந்த சட்டியில் கத்தரி தூவுவார்கள். கூரையோரம் புடலை போடுவார்கள். வாசலுக்கு வாசல் பச்சை. யாரும் யாரிடமும் கையேந்தவில்லை.

கையேந்தாத ஜனத்தை எந்த ராஜாவுக்குப் பிடிக்கும்? தேன்பாக்கத்து ராஜா வக்கிரகண்டன் என்ற மந்திரவாதியை வரவழைத்தார். அவன் அரண்மனை மதில்மேல் ஏறி மூன்று முறை ஊதினான். "மதிலுக்கு வெளியே இருக்கும் விதையெல்லாம் உறங்கட்டும்" என்றான். உறங்கிவிட்டன. அன்றிலிருந்து ஒரு பிடி கீரைக்கும் ஜனங்கள் அரண்மனை வாசலில் வரிசையில் நின்றார்கள். மனு எழுதிக் கொடுத்தார்கள். ராஜா வாங்கிக்கொண்டார். வாங்குவதில் ராஜாக்கள் ஒருநாளும் குறை வைத்ததில்லை, படிப்பதில்தான்.

அந்த மாயத்துக்கு ஒரே ஒரு கட்டு இருந்தது. மதிலுக்கு வெளியே ஊன்றிய எதையும் வக்கிரகண்டன் தன் கையால் தொடக் கூடாது, ஆளை ஏவியும் பிடுங்கக் கூடாது. மீறினால் கற்ற வித்தையெல்லாம் கரைந்துபோகும். இது ஊருக்கே தெரியும்.

அரண்மனைத் தோட்டத்தைப் பெருக்குகிறவள் கொளஞ்சி. அவள் புருஷன் நல்லான் தங்கமான மனுஷன், ஆனால் பொறுமை கிடையாது. விதை முளைத்ததா என்று மறுநாளே தோண்டிப் பார்ப்பான். நாற்று வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்ப்பான். வருஷா வருஷம் கொளஞ்சியிடம் திட்டு வாங்குவான். வருஷா வருஷம் பிடுங்குவான்.

அந்த நல்லான், "நான் வரிசையில நிக்க மாட்டேன்" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் அவரை ஊன்றினான். ஊர் வேடிக்கை பார்த்தது. கூட உட்காரவில்லை. பல்லக்கில் வந்த வக்கிரகண்டன் அவனை வைக்கோல் பொம்மையாக்கி அரண்மனைத் தோட்டத்தில் நட்டுவைத்தான்.

"இவன் வாசலில் ஒரு பச்சைத் துளிர் வரட்டும், இவனும் மனுஷன் ஆவான், ஊர் விதையும் விழிக்கும். பங்குனிப் பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் கடைசிவரை இவன் வைக்கோல்தான்" என்று சிரித்தான். விதையெல்லாம் உறங்கும்போது துளிர் எங்கிருந்து வரும் என்ற திமிர்.

கொளஞ்சி அவரை விதையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாள். விதை உறங்கியது. ஈரத்துணியில் முடிந்துவைத்தாள். விதை உறங்கியது. சாம்பலில் புரட்டி ஊன்றினாள். விதை உறங்கியது.

பதினைந்தாம் நாள் விளக்குமாறோடு பொம்மையின் முன் வந்து நின்றாள்.

"என்னா, அழுவுறியா?" என்றது பொம்மை. அவளிடம் மட்டும் அதற்குப் பேச்சு வரும்.

"தூசு."

"என் வயித்துல அணில் கூடு கட்டிடுச்சு. அது போவட்டும். காத்துல முறிஞ்ச முருங்கைக் கிளை ஒண்ணு பத்து நாளா முதுவுல குத்துது. அத மொதல்ல எடுத்துப் போடு."

கொளஞ்சி கிளையை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். பத்து நாள் வெயிலில் கிடந்த கிளை, மண்ணும் இல்லாமல் நீரும் இல்லாமல், கணுவுக்குக் கணு துளிர்த்திருந்தது.

"யோவ், அவன் விதையத்தானே தூங்கவச்சான்? கிளையத் தூங்கவைக்கலியே."

"அடிப் பாவி" என்றது பொம்மை. வைக்கோல் சிலிர்த்தது.

யார் கண்ணிலும் படாதிருக்கத் துளிரை உருவிப் போட்டுவிட்டுக் கிளையோடு கிளம்பினாள். அரண்மனை வாசலில் காவலன் அவள் கொண்டையை அவிழ்த்தான், முந்தானையை உதறினான். ஒரு விதையும் இல்லை.

"அது என்ன கட்டை?"

"அடுப்புக்குங்க."

"முருங்கை எங்க எரியும்? புகைதான் வரும்."

"எங்க ஊட்டுக் கொசுவுக்கு அது போதுங்க."

வீட்டுக்கு வந்தவளுக்குக் கை பரபரத்தது. கிளையைக் கை நீளத்துக்கு நறுக்கினாள். மிச்ச இலையையும் உருவினாள். அடியைச் சாய்வாகச் சீவினாள். அந்தப் போத்தை வாசலில் ஊன்றி, வெயிலில் நுனி காயாதிருக்க உச்சியில் ஒரு உருண்டைச் சாணி அப்பினாள். தொப்பி வைத்த சிறுபிள்ளை மாதிரி நின்றது அது.

சேதி மந்திரவாதிக்கு எட்டியது. வளையல்காரனாக வேஷம் போட்டு வந்தான்.

"என்னம்மா, தலைகீழா நட்டிருக்கியே? திருப்பி நடு."

"எது தலைன்னு தெரியத்தான் தொப்பி வச்சிருக்கேன். நீ நட அண்ணே."

குறிகாரனாக வந்தான். "தாயே, இது தாகத்தில் தவிக்குது. தினம் நாலு குடம் ஊத்து."

"அழுவிப்போவும் சாமி. ஒரு செம்பு போதும்."

நாட்கள் ஓடின. போத்து அப்படியே நின்றது. கொளஞ்சிக்கே விரல் நமநமத்தது. வேர் விட்டிருக்குமா? ஒரே ஒருமுறை அசைத்துப் பார்த்தால் என்ன? கையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. பொழுது சாய ஒரு நாழிகை இருந்தது. தெருமுனையில் நல்லான் வந்தான். அதே நடை, அதே சிரிப்பு, தலையில் வைக்கோல்.

கொளஞ்சி எழுந்து ஓடினாள்.

"தப்பிச்சு வந்துட்டேன் கொளஞ்சி. போத்து வேர் விட்டுடுச்சு போல. பிடுங்கிக் காட்டு, பார்ப்போம்."

அவளும் போத்தைப் பிடித்துவிட்டாள். பிடித்த கை பாதியில் நின்றது.

"நீயே பிடுங்கேன்" என்றாள்.

"நீ பிடுங்கு. உன் கையால பார்க்கணும்னு ஆசை."

"எம் புருஷன் என்னைப் பிடுங்கச் சொல்ல மாட்டான். நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள அவனே பிடுங்கியிருப்பான்." கொளஞ்சி போத்தின்முன் காலை ஊன்றி நின்றாள். "தொட முடியாதவன் ஊர்ல ஒருத்தன்தான். பல்லக்கு எங்க விட்டுட்டு வந்தீங்க?"

வேஷம் கலைந்தது. வக்கிரகண்டன் உறுமினான், மிரட்டினான், கடைசியில் கெஞ்சினான். "அரண்மனையிலிருந்து தினம் ஒரு கூடை காய் தருகிறேன், பிடுங்கு."

"ஒரு கூடை வாங்கினா நாளைக்கும் வரிசையில நிக்கணும். போய்யா."

வெயில் கூரை நுனிக்கு ஏறியது. அப்போது சாணித் தொப்பி லேசாக வெடித்தது. அதன் ஓரத்தில் எள்ளளவு பச்சை.

அவ்வளவுதான். தெருவெங்கும் கொட்டாங்குச்சிகள் சடசடத்தன. அவரை விழித்தது, கத்தரி விழித்தது, புடலை கூரைக்கே தாவியது. ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். உடைந்த மாயம் வைத்தவன்மேலேயே திரும்பியது, வக்கிரகண்டன் நின்ற இடத்தில் ஒரு பிடி வைக்கோல் பறந்தது. அரண்மனைத் தோட்டத்துப் பொம்மைக்கம்பில் அன்றுமுதல் அவன்தான் நிற்கிறான், வயிற்றில் அணிலோடு.

அடுத்த வருஷம் அந்த ஒரு முருங்கையிலிருந்து வீட்டுக்கு ஒரு போத்து போனது. அரண்மனை வாசலில் வரிசையே இல்லை. பொழுது போகாத ராஜா பழைய மனுக்களைப் படிக்க ஆரம்பித்தார்.

நல்லான் என்ன ஆனான் என்கிறீர்களா? துளிர் வந்த அந்த நொடியே மனுஷனாகி, மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடிவந்தான். வந்தவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. போத்தைப் பார்த்தான்.

"வேர் விட்டிருக்கா?" என்று குனிந்து கையை நீட்டினான்.

பட்டென்று விழுந்தது புறங்கையில் ஒரு அடி.

"நீதான்யா" என்றாள் கொளஞ்சி. "உள்ள வா."

தேன்பாக்கத்து முருங்கை இன்றும் காய்க்கிறது, கதை கேட்டவர்கள் ஆளுக்கொரு போத்து வெட்டிக்கொண்டு போகலாம்.