பவளக்கொடி வீட்டு நீலக்கோடு

மணல்துறைக் குப்பத்தில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தைந்து, சீடருக்கு அறுபத்திரண்டு. குரு நப்பின்னை, சுவரில் படம் எழுதுகிறவள். சீடர் திருமேனி, அரசாங்க வேலையில் வரைபடம் போட்டுப் போட்டே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை ஐயா என்பாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது.

அந்த வருஷம் புரட்டாசியில் ஊர்ப் பஞ்சாயத்தார் ஓர் ஓவியக் கண்காட்சி வைக்க ஆசைப்பட்டார்கள். கலை மேல் திடீர்க் காதல் ஒன்றும் இல்லை. கடல் சூடேறிப் பெருத்துக்கொண்டு வருகிறது, இனி ஒரு பெரும்புயல் அடித்தால் இந்தத் தெருவில் தண்ணீர் மார்பளவு நிற்கும் என்று கடலை அளக்கிறவர்கள் வந்து சொல்லிப் போயிருந்தார்கள். தெருமுனைக் கம்பத்தில் அந்த உயரத்துக்கு ஒரு குறியும் போட்டிருந்தார்கள். பனைமேட்டில் மனையும் தற்காலிகக் கொட்டகைகளும் தயாராக இருந்தன. ஊர்தான் அசையவில்லை. மேட்டிலிருந்து படகுக்கு அரை மணி நடை என்பது ஒரு சாக்கு. ஐப்பசி பிறக்குமுன் கரையோரத் தெருவாவது மேடேறியாக வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள், படம் போட்டாவது காட்டம்மா என்று நப்பின்னையிடம் வந்து நின்றார்கள்.

நப்பின்னை துணியும் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை. தண்ணீர் நிற்கப்போகிற உயரத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியேயும் உள்ளேயும், ஒரே ஒரு நீலக்கோடு போதும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்து ஆட்கள் வந்து அந்தத் தெரு வழியாக நடந்து போகட்டும், அதுதான் கண்காட்சி.

கோடு போடும் வேலையைத் திருமேனியிடம் கொடுத்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீள டியூபில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையைக் கம்பத்துக் குறியில் பிடித்தால் மறுமுனையில் தண்ணீர் அதே உயரத்தில் வந்து நிற்கும். அப்படியே வீடு வீடாக அளவைக் கடத்திக்கொண்டு போனார். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் தெருவின் வெளிச்சுவர்கள் முழுக்கக் கோடு ஓடிவிட்டது.

அதன் பிறகு தெரு பழைய தெருவாக இல்லை. கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் கொஞ்சம் மெதுவாக அசைவதாகத் திருமேனிக்குத் தோன்றியது. பூனை மிதந்து மிதந்து திண்ணை தாண்டியது. பிள்ளைகள் கையைத் துடுப்பாக வீசி, கன்னத்தை உப்பிக்கொண்டு, மீனாக மாறித் தெருவில் நீந்தினார்கள். பெரியவர்களுக்குத் தோளும் தலையும் மட்டும் வெளியே தெரிந்தன. அவர்கள் வழக்கம்போல வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். திருமேனிக்குத் தன் காலடியில் தரை இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, ஒரு முறை குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வீடுகளுக்குள் கோடு போட ஆரம்பித்தார். மூன்றாவது வீடு பவளக்கொடியுடையது. புருஷன் நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் படகில் போயிருந்தான், வர இன்னும் எட்டு நாள் ஆகும். உத்திரத்தில் கயிறு கட்டி, பழைய ஊதாச் சேலையில் தூளி தொங்கியது. உள்ளே நாற்பது நாள் குழந்தை.

டியூபைப் பிடித்துப் பார்த்தார். தூளிக்கு ஒரு சாண் மேலே நின்றது தண்ணீர்.

அவர் தூரிகையை முக்குவதற்குள் பவளக்கொடி சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"ஐயா, எம்புள்ள முழுகிக் கிடக்கிற மாதிரி இருக்கும். அவரும் கடல்ல இருக்காரு. கொஞ்சம் இறக்கிப் போடுங்களேன்."

திருமேனிக்கு நெஞ்சு இளகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர், வேறென்ன செய்வார். தூளிக்குக் கீழே, முழங்கால் அளவில் கோட்டை இழுத்தார். பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூளியருகே உட்கார்ந்து நிம்மதியாக ஆட்ட ஆரம்பித்தாள். அவருக்கும் ஒரு புண்ணியம் செய்த மாதிரி இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த வீட்டுக்குள் நுழையும்போதே சேதி முந்திக்கொண்டு போயிருந்தது. அங்கே பெண் பார்க்க வருகிறார்களாம். மார்பளவுத் தண்ணீரைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று இறக்கினார். டீக்கடைக்காரர் வியாபாரம் கெடும் என்றார். இறக்கினார். ஒருவர் வெட்கமே படாமல், எதிர் வீட்டுக்கு எவ்வளவோ அதைவிட ஒரு விரற்கடை குறைத்துப் போடுங்கள் என்றார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான். வெளிச்சுவர்க் கோடுகளையும் அழித்து இறக்கும்படி ஆயிற்று. எல்லாருக்கும் நல்லவராக இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தெருக்கோடியில் கோடு கணுக்காலுக்கு வந்துவிட்டது.

கடைசி வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "இவ்வளவு தண்ணிக்கா சார் மேட்டுக்குப் போகச் சொல்றாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமாம், அதானே, என்றார்கள். ஒருத்தன் கொட்டகைக்குப் போட்ட கீற்றையாவது திருப்பிக் கொண்டுவரலாமே என்றான். தன் கையாலேயே ஒரு தெருவைக் கடலோரத்தில் கட்டிப்போட்டுவிட்டதாகத் திருமேனி உணர்ந்தார்.

நீலம் காயாத கையோடு நப்பின்னையிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் டியூபை மட்டும் எடுத்துக்கொண்டு வரச்சொன்னாள்.

ஒரு முனையைக் கம்பத்துக் குறியில் கட்டவைத்தாள். மறுமுனையைத் தானே இழுத்துக்கொண்டு பவளக்கொடி வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் தெரு கூடிவிட்டது.

"இந்தா, நீயே புடி" என்று முனையைப் பவளக்கொடியின் கையில் கொடுத்தாள்.

பவளக்கொடி பிடித்தாள். டியூபில் தண்ணீர் மெல்ல ஆடி, தூளிக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அவள் அதையே பார்த்தாள். பிறகு நப்பின்னையைப் பார்த்தாள்.

பவளக்கொடி கையைக் கொஞ்சம் இறக்கினாள். தண்ணீர் டியூபின் வாய்வரைக்கும் வந்தது. இன்னும் இறக்கினாள். தண்ணீர் பொங்கி அவள் கைமேல் வழிந்தது, சேலையை நனைத்தது, காலடியில் பரவி முழங்கால் கோட்டுக்குக் கீழே சுவரோரம் ஓடியது. அவள் சட்டென்று கையை உயர்த்திக்கொண்டாள். கம்பத்தடியில் நின்ற ஒருத்தன் சிந்தியதற்கு ஈடாகக் குறிவரைக்கும் ஊற்ற, தண்ணீர் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்த கடல் வெளிச்சம் சுவரில் அலையாடியது. தெருவே தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் திருமேனிக்குத் தோன்றியது.

பவளக்கொடி டியூபை நப்பின்னையிடம் கொடுத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். அதன்மேல் ஏறி உத்திரத்துக் கயிற்றை இழுத்துச் சுருக்கிக் கட்டினாள். நப்பின்னை தூளியைக் கீழிருந்து ஏந்திக்கொடுத்தாள். ஊதாத் தூளி கூரை ஓட்டை முட்டுகிற உயரத்துக்குப் போய்விட்டது. தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவள் முக்காலிமேல் எக்கி நிற்க வேண்டியிருந்தது. எக்கி நின்று வெகுநேரம் பார்த்தாள்.

அங்கிருந்தே கேட்டாள்.

"ஐயா, பனைமேட்டுல இந்தத் தண்ணி எதுவரைக்கும் வரும்?"

"அங்க வராதும்மா."

"அங்கன்னா தூளிய எப்பவும்போலக் கட்டலாமா?"

"கட்டலாம்மா" என்றார் திருமேனி.

அவளுக்குப் பிறகு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக டியூபைக் கேட்டு வாங்கினார்கள். எல்லாரும் ஒரு முறையாவது இறக்கிப் பார்த்தார்கள். காலியாகக் காலியாகத் திருமேனி தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் தெருவில் பாதிப் பேர் சேலையும் வேட்டியும் ஈரம். பெண் பார்க்க வருகிற வீட்டுத் தகப்பன் அவர் காதருகில் வந்து, எங்க வீட்டுக் கோட்டைத் தண்ணி நிக்கிற இடத்திலேயே போட்டுடுங்க சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சம் இருக்கும்போதே திருமேனி பவளக்கொடியின் வீட்டுச் சுவரில் பொய்க்கோட்டைச் சுண்ணாம்பால் மூடினார். உண்மைக் கோட்டை இழுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நப்பின்னை அங்கே தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவ அழுதா. பார்க்கப் பொறுக்கலை. அதனாலதான் இறக்கினேன். இரக்கப்பட்டது தப்பா?"

"நீங்க கோட்டை இறக்கினதும் அவ என்ன செஞ்சா ஐயா?"

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்தா."

நப்பின்னை தூரிகையை உதறினாள். "இப்ப என்ன செய்றான்னு பாருங்க."

திருமேனி திரும்பி உள்ளே பார்த்தார். பவளக்கொடி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் சுண்ணாம்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.