செம்மண்ணில் ஒரு பந்துத் தடம்

கதை முடிகிற இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிலும் கதைக்குள்ளேயேதான் கிடக்கிறது. அவசரப்படாமல் வாசித்தால் கண்ணில் படும்.

கடலோரத்து ஊர் ஒன்றில் செம்மண் தரை போட்ட டென்னிஸ் மைதானம் இருந்தது. செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் பதியும். பந்து கோட்டைத் தொட்டதா, வெளியே போனதா என்று சந்தேகம் வந்தால் அம்பயர் இறங்கி வந்து அந்தத் தடத்தைப் பார்ப்பார். இதில் ஒரு வழக்கம் உண்டு. தன் பக்கம் விழுந்த பந்தின் தடத்தை ஆடுகிறவளே காலால் அழித்துவிட்டால், பந்து உள்ளேதான் விழுந்தது என்று அவள் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதற்குமேல் பேச்சே கிடையாது.

அந்த ஊரில் ஜெபசெல்வி, செலஸ்டினா என்று இரண்டு ஆட்டக்காரிகள். ஜெபசெல்வி, வருஷாவருஷம் கைமாறுகிற ஊர்க் கோப்பையை முன்பே வாங்கினவள். அவள் வாங்கினபோதெல்லாம் ஜனங்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். செலஸ்டினா அதுவரைக்கும் கோப்பையைத் தொட்டதில்லை.

ஒரு வருஷம் கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் செலஸ்டினாவுக்குக் கோப்பை. அவள் ஓங்கி அடித்த பந்து ஜெபசெல்வி பக்கம் இடது மூலையில் விழுந்தது. "அவுட்!" என்றார் அம்பயர் ஆசீர். சொல்லிவிட்டு, குனிந்து புள்ளியை எழுதினார். தடத்தைப் பாருங்கள் என்று செலஸ்டினா கேட்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பந்தை எடுக்க நடந்தாள். ஜெபசெல்வி மட்டும் அந்த மூலைக்குப் போய்த் தரையைப் பார்த்தபடி நின்றாள். அம்பயர் எழுதி முடித்துத் தலையைத் தூக்கினார். அவள் காலை நீட்டி, தடத்தை ஒரே இழுப்பாகத் தேய்த்தாள்.

அம்பயர் திகைத்தார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே? புள்ளியை மாற்றிச் சொன்னார். கோப்பை செலஸ்டினாவுக்குப் போனது.

அந்த மழைக்காலத்திலேயே ஜெபசெல்வி காய்ச்சலில் செத்துப்போனாள்.

அதற்கப்புறம்தான் அது ஆரம்பித்தது. சாயங்காலம் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, உருளை உருட்டிவிட்டுப் போவார்கள். காலையில் வந்து பார்த்தால் அதே இடது மூலையில், கோட்டைத் தொட்டாற்போல, ஒரு பந்துத் தடம். மறுபடி உருட்டினாலும் மறுநாள் வந்துவிடும். ஊர்ஜனம் பயந்து ஒதுங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் 'அந்த டென்னிஸ் பொண்ணு' என்றவர்கள் இப்போது 'நம்ம செல்வி' என்றார்கள்.

செலஸ்டினா அந்தத் தரையில்தான் ஆடியாக வேண்டும். இடது மூலைக்குப் பந்தை அடிக்க அவளுக்குக் கை போகவே மாட்டேன் என்றது. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று தன் கைவீச்சைப் பார்ப்பதுபோல இருக்கும். திரும்பினால் வெறும் வேலிதான்.

அடுத்த வருஷக் கடைசி ஆட்டத்திலும் செலஸ்டினாதான் ஜெயித்தாள். அதே கோப்பையை மறுபடி கையில் வாங்குகிறாள், ஒரு கைதட்டல் இல்லை. கூட்டம் மொத்தமும் இடது மூலையைப் பார்த்து, "செல்வீ! செல்வீ!" என்று கூப்பிட்டது. மேல் படியிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏட்டி செலஸ்டினா, போன வருசம் அவ போட்ட பிச்சையில வந்த பவுசுதானட்டி இது!"

செலஸ்டினாவுக்கு முகம் கறுத்துப்போனது. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"பிச்சையா? அவ தடத்த மறைக்கப் பாத்தா. வழக்கத்த மறந்துட்டு மாட்டிக்கிட்டா. கள்ளிக்குக் கும்பிடு, எனக்கு வசவா?"

அம்பயர் ஆசீர் நடுவில் வந்தார். "ரெண்டும் இல்லம்மா. பதட்டத்துல கால் தானா போயிருக்கும். செத்தவள ஏன் இழுக்கே?"

ஜெபசெல்வியின் தங்கை ஞானப்பூ கூட்டத்திலிருந்து எழுந்தாள். "எங்கக்கா தெரிஞ்சேதான் தன் கோப்பையக் குடுத்தா."

"உன்கிட்ட சொன்னாளா?" என்றாள் செலஸ்டினா.

"ஏம்க்கா அழிச்சேன்னு கேட்டேன். அதுக்கு, சோறு இருக்கான்னு கேட்டா."

செலஸ்டினா ராக்கெட்டைக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடத்தினாள். "இது பிச்சைன்னா எனக்கு வேண்டாம். என்னோடதுன்னா ஒருத்தர் வந்து, என்னோடதுன்னு காரணத்தோட சொல்லட்டும். அதுவரைக்கும் நான் ராக்கெட்டத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மறைத்தாள் என்கிறாள் செலஸ்டினா. கால் தானாகப் போனது என்கிறார் அம்பயர். தன் கோப்பையைக் கொடுத்தாள் என்கிறாள் தங்கை. இந்த மூன்று பேரில் யார் சொன்னது சரி? போன வருஷம் அந்தக் கோப்பை யாருடையது?

விடை: மூன்று பேரில் ஒருத்தர் சொன்னதும் முழுதாகச் சரியில்லை. பாலைக் கொட்டின குழந்தை அதைக் காலால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்துத்தான் தேய்க்கும். ஜெபசெல்விக்கு அந்த நேரம் தாராளமாகக் கிடைத்தது. எதிராளி முதுகைக் காட்டிப் போகிறாள், அம்பயர் குனிந்து எழுதுகிறார். அவளோ அவர் தலையைத் தூக்குகிற வரைக்கும் நின்றாள். மறைக்கிறவள் அப்படி நிற்க மாட்டாள். பதறின காலும் அப்படிக் காத்திருக்காது. தெரிந்தே அழித்தாள் என்றவரைக்கும் தங்கை சொன்னது சரி. ஆனால் தெரிந்தே அழித்தாள் என்றால் பந்து கோட்டைத் தொட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அந்தப் புள்ளி முதலிலிருந்தே செலஸ்டினாவுடையது, கோப்பையும் அவளுடையதுதான். அடுத்தவள் பொருள் தன் கையில் வந்து விழுந்தபோது, அம்பயர் பார்க்கட்டும் என்று காத்திருந்து திருப்பி வைத்தாள் ஜெபசெல்வி. நம் கைக்கு அப்படி வந்த எதையெதையோ நாம் பேசாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ஜனங்களுக்கு அவளை விட முடியவில்லை. செலஸ்டினா வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல இன்னும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கிறது, மழையிலும் வெயிலிலும்.