விக்கலுக்கு வந்த விசாரணை

ஆனைமடுவூர்ச் சீமையை ஆண்ட அரசருக்கு நீளமான பட்டப்பெயர் உண்டு. ‘சத்ருசம்கார சகலகலா சமரகேசரி’ என்று ஆரம்பிக்கும். கட்டியக்காரன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனு கொடுக்க வந்தவன் பாதி மனுவை மறந்துவிடுவான். அவருக்குத் தாய் வைத்த பெயரோ குப்பமுத்து. மூத்த பிள்ளைகள் தங்காமல் போனதால், அவரைப் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, எமனும் சீண்டாத பெயராக அதை வைத்தாள் அந்த மகராசி. எமன் ஏமாந்தான். பிள்ளை பிழைத்துப் பட்டத்துக்கும் வந்தது. அன்றோடு அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று சீமை முழுக்கத் தடை. ஊரில் இருந்த மற்றக் குப்பமுத்துகள் எல்லாம் ஒரே வாரத்தில் முத்துசாமிகள் ஆனார்கள்.

இப்படிப்பட்ட அரசருக்கு ஒரு நாள் காலையில் விக்கல் வந்தது. சபையில் ஒரு ஏழைக்குத் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார், ‘ஹிக்’ என்றது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சபையே தரையைப் பார்த்தது.

அரண்மனை வைத்தியர் வந்தார். பாவம், உண்மையைச் சொன்னார்.

“பணியாரத்தைச் சுடச்சுட, மெல்லாமல் விழுங்கியிருக்கிறீர்கள் அரசே. வயிறு உப்பி, நெஞ்சுக்குக் கீழே இருக்கிற சதை துடிக்கிறது. அவ்வளவுதான். மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தால் நிற்கும். ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளலாம். சட்டென்று திடுக்கிட்டாலும் நின்றுவிடும்.”

மந்திரி வீரபாகுவுக்கு வந்ததே கோபம். “என்ன பேச்சு இது? பணியாரத்தால் விக்கல் வருவது குடியானவனுக்கு. அரசருக்கு வருகிற விக்கலுக்கு அரசாங்கக் காரணம் இருக்க வேண்டாமா?”

இது அரசருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வைத்தியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“யாரோ நினைத்தால்தான் விக்கல் வரும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்,” என்றார் மந்திரி. “சபையில் இருக்கிற ஒவ்வொருவர் பெயராகச் சொல்வோம். எந்தப் பெயரில் விக்கல் நிற்கிறதோ, அவன்தான் தங்களை நினைக்கிறான். இப்படி விக்க விக்க நினைக்கிறவன் நல்லதையா நினைப்பான்? துரோகி. அவனைக் கழுதைமேல் ஏற்றிச் சீமையைவிட்டுத் துரத்த வேண்டும்.”

“ஹிக்,” என்றார் அரசர். மந்திரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வாசலில் கழுதை வந்து நின்றது. கழுதை இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

சபைப் புலவர் பாலவண்ணர் மட்டும் அந்தக் கழுதையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மந்திரியின் மைத்துனன் ஏரியை வளைத்து நெல் விதைத்ததை அரசரிடம் போட்டுக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து மந்திரி அவரைப் பார்த்து அன்பாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

மந்திரி பெயர்களை மளமளவென்று சொன்னார். சேனாபதி பெயருக்கு விக்கல். கணக்கர் பெயருக்கு விக்கல். வாசல் காவல்காரன் பெயருக்கும் விக்கல். தப்பித்தவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் மந்திரி நின்று, ஒரு வெள்ளிச் செம்பை அரசரிடம் நீட்டினார்.

“தொண்டை வறண்டிருக்கும் அரசே. மூச்சு விடாமல் இதைக் குடியுங்கள். அதற்குள் அடுத்த பெயரைச் சொல்கிறேன். பால…”

“கொஞ்சம் பொறுங்கள் மந்திரியாரே,” என்று எழுந்தார் பாலவண்ணர். “வரிசையில் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். சபையில் இருக்கிற எல்லோர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பதுதானே பேச்சு?”

“யாரை விட்டேன்?”

“அரசர் அபயம் கொடுத்தால் நானே சொல்கிறேன். பெயரைச் சொன்னதற்காக என்னைத் தண்டிக்கக் கூடாது.”

“கொடுத்தேன், ஹிக், சொல்லும்.”

பாலவண்ணர் தொண்டையைச் செருமினார். மாடு மேய்க்கிறவனை வரப்பிலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஓங்கிக் கூப்பிட்டார்.

“அடேய் குப்பமுத்து!”

கட்டியக்காரன் கையிலிருந்த தடி கீழே விழுந்தது. அரசர் திறந்த வாயை மூடவில்லை. தாய் போன பிறகு அந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை. மந்திரி வாளை உருவினார். அரசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

எல்லோரும் அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“நின்றுவிட்டது அரசே,” என்றார் பாலவண்ணர் பணிவாக.

அரசர் மெதுவாக நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. “அப்படியென்றால் துரோகி நானா?”

“துரோகி என்றது மந்திரியார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் விக்கல் பொய் சொல்லவில்லை. இந்தச் சீமையில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை தங்களையே நினைத்துக்கொண்டிருப்பவர் தாங்கள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நடவு வேலை இருக்கிறது.”

மந்திரியின் முகம் வெளுத்தது. அரசர் பாலவண்ணரை உற்றுப் பார்த்தார். அப்புறம் உதடு துடித்தது, தொந்தி குலுங்கியது, சிம்மாசனமே ஆடச் சிரித்தார்.

“பிழைத்தீர் புலவரே. என்ன பரிசு வேண்டும், கேளும்.”

“தட்டில் மிச்சமிருக்கும் பணியாரத்தைக் கொடுங்கள். அது அரண்மனையில் இருக்கும்வரை என் தலைக்கு நல்லதில்லை.”

அரசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில், ‘ஹிக்’.

சபை மறுபடி தரையைப் பார்த்தது. மந்திரிக்கு உயிர் வந்தது. “அரசே, இந்த முறை நினைப்பவன் யாரென்றால்…”

“வீரபாகு,” என்றார் அரசர், வெள்ளிச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டே. “நீர் நேராக வைத்தியர் வீட்டுக்குப் போம். மன்னிப்புக் கேட்டு அவரை அழைத்து வாரும். வாகனம்தான் வாசலில் தயாராக நிற்கிறதே.”