முதுகு காட்டாமல் ஊருக்குப் போன சீமாட்டி

இங்கிலாந்தை முன்பு ஒரு ராஜா ஆண்டார். பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். சீட்டாட்டம் என்றால் அவருக்கு உயிர். ஆடத்தான் தெரியாது. அவருக்குத் துளியும் சந்தேகம் வராமல் தோற்றுக்கொடுக்க அந்த அரண்மனையில் ஒருத்தியால்தான் முடியும். அவள் ராணியின் தோழி, வினிஃப்ரெட் சீமாட்டி.

ஒருநாள் சீமாட்டி ராஜா முன்னால் வந்து நின்றாள். "மகாராஜா, என் மகளுக்குக் கல்யாணம். ஊருக்குப் போய்வர உத்தரவு தரவேண்டும்."

ராஜாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பெற்றவளைப் போகாதே என்று சொல்லவும் முடியவில்லை. அப்போது பாக்லி பிரபு தொண்டையைச் செருமினார். அரண்மனைக் குதிரை லாயம் அவர் பொறுப்பு. சீமாட்டியை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தன் மனைவியை உட்காரவைக்க நெடுநாளாகக் காத்திருந்தவர்.

"தாராளமாகப் போகட்டும் மகாராஜா. ஆனால் தங்களுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது இங்கே வழக்கமாயிற்றே! ஊர் போய்ச் சேரும்வரை சீமாட்டி அதைக் காப்பாற்றட்டும். தவறினால் அரண்மனைப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. இனி இவள் எங்கே போகப்போகிறாள் என்று அவருக்கு ஒரே குஷி.

மகள் கல்யாணமா, அரண்மனை வாழ்வா? சீமாட்டி ராஜாவைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்தாள். அவள் பாவாடை கல்யாணப் பந்தல் அகலம். வழியில் இரண்டு பூஜாடிகள் உருண்டன. ஒரு பாதிரியாரும் உருண்டார். ராஜாவும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

வாசலில் திறந்த கோச்சு வண்டி நின்றது. சீமாட்டி அதில் ஏறி, குதிரைகளுக்கு முதுகையும் ராஜாவுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்தாள்.

"போய்வருகிறேன் மகாராஜா! ஊர்வரை இப்படியேதான்."

பாக்லி பிரபு துள்ளிக் குதித்தார். "நிறுத்துங்கள்! குதிரைகள் மகாராஜாவுக்கு முதுகு காட்டுகின்றன! முதுகா அது? வாலையல்லவா காட்டுகின்றன!"

"அடடா, ஆமாம்," என்றாள் சீமாட்டி. "லாயத்தில் இவற்றுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தது யாரோ? போகட்டும், அவிழ்த்துவிடுங்கள். வழக்கம் தெரிந்த பிரபுவையே வண்டியில் பூட்டுங்கள். மகாராஜாவைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து இழுத்துக்கொண்டு வரட்டும்."

ராஜா பிரபுவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல யோசனையாக இருக்கிறதே!"

வண்டிக்காரன் கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டு பிரபுவின் வாயருகே வந்தான்.

"ஐயோ மகாராஜா!" என்று அலறினார் பிரபு. "வாசலுக்கு வெளியே அந்த வழக்கமே கிடையாது!"

ராஜா சிரித்த சிரிப்பில் பொய்முடி கழன்று விழுந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி, மணப்பெண்ணுக்கு என்று வண்டிக்குள் போட்டார்.

சீமாட்டி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு எழுந்து, பாவாடையைச் சரிசெய்து, எதிர் ஆசனத்தில் ராஜாவுக்கு நன்றாக முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"ஓட்டப்பா வண்டியை!"